குழந்தைகளுக்கான நீரும் ஊட்டமும்: வார்டில் கணக்கிடும் முறை

குழந்தைகள் வார்டில் புதிதாகப் பணியில் சேரும் செவிலியர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் மனத்தில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. கணக்கு கடினமானதன்று, கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஆயினும் தவறுகள் பெரும்பாலும் பெருக்கலில் நேர்வதில்லை. எந்த எடையை எடுத்தோம், எதற்காக நீர் கொடுக்கிறோம், வேறு எந்த வழியில் நீர் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமலே கணக்கைத் தொடங்குவதால்தான் நேர்கின்றன. ஆகவே கால்குலேட்டரைத் தொடும் முன் ஒரு தாளில் மூன்று தலைப்புகளை எழுதிக்கொள்ள வேண்டும்: அன்றாடத் தேவை, ஏற்கெனவே ஏற்பட்டுள்ள குறை, இன்னும் தொடரும் இழப்பு. இம்மூன்றையும் தனித்தனியே கணக்கிட்டுக் கடைசியில்தான் கூட்ட வேண்டும். இங்குள்ள சிரைவழிக் கணக்குகள் மருத்துவரின் மேற்பார்வையில் மருத்துவமனையில் செய்யப்படுபவை. வீட்டில் பயன்படுத்துவதற்கானவை அல்ல.

முதல் படி: எடை

எல்லாக் கணக்கும் எடையின் மேல் நிற்பதால், முடிந்தவரை குழந்தையை நிறுத்தே எடையை எழுத வேண்டும். கைக்குழந்தையை உடையின்றி, டயப்பர் இன்றி, ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், அதே எடைக்கருவியில் நிறுப்பது நல்லது. நிறுக்க இயலாத அவசர நிலையில் மட்டும் வயதை வைத்து எடையை ஊகிக்கலாம். 3 முதல் 12 மாதம் வரை, மாதக் கணக்கிலான வயதுடன் 9 கூட்டி 2 ஆல் வகுக்க வேண்டும். 1 முதல் 6 வயது வரை, வயதை 2 ஆல் பெருக்கி 8 கூட்ட வேண்டும். 7 முதல் 12 வயது வரை, வயதை 7 ஆல் பெருக்கி 5 கழித்து 2 ஆல் வகுக்க வேண்டும். இதன்படி 4 வயதுக் குழந்தையின் எடை 16 கிலோ என்று கிடைக்கும். இது ஊகம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, குழந்தை சற்றுத் தேறியதும் நிறுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

எடை விஷயத்தில் மூன்று விலக்குகள் உண்டு. பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் பிறப்பெடையில் 7 முதல் 10 சதவீதம் வரை இழப்பது இயல்பு. பத்து, பதினான்கு நாட்களுக்குள் அதை மீட்டுவிடும். மீட்கும் வரை பிறப்பெடையையே கணக்கில் எடுக்க வேண்டும். உடல் வீங்கியிருக்கும் குழந்தையின் எடையில் தேங்கிய நீரும் சேர்ந்திருப்பதால் வீக்கத்துக்கு முந்தைய எடை கிடைக்குமா என்று தேட வேண்டும். உடல் பருமன் மிகுந்த குழந்தைக்கு உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துக் கணக்கிடுவதே பொருத்தம்.

இரண்டாம் படி: பிறந்த முதல் வாரத்தின் அன்றாடத் தேவை

பிறந்த குழந்தையின் உடலில் நீரின் பங்கு அதிகம். அதன் ஒரு பகுதியை முதல் நாட்களில் சிறுநீராக வெளியேற்ற வேண்டியிருப்பதால், தொடக்கத்திலேயே நிறைய நீர் கொடுப்பது தீங்காகும். நிறைமாதக் குழந்தைக்கு முதல் நாள் கிலோவுக்கு 60 மில்லி என்று தொடங்குவது வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனைக் கையேடு 60, 90, 120 என்று ஏறி, பிறகு 150 மில்லி என்று வரையறுக்கிறது. பல மருத்துவமனைப் பிரிவுகள் நாளுக்கு 15 அல்லது 20 மில்லி வீதம் மெதுவாக ஏற்றி வார இறுதியில் 150 மில்லியை எட்டுகின்றன. எந்த ஏணியில் ஏறுவது என்பதைப் பிரிவின் நெறிமுறை முடிவு செய்யட்டும். ஒரே குழந்தைக்கு இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். 1500 கிராமுக்குக் குறைந்த குறைமாதக் குழந்தையின் தோல் மெல்லியதாகையால், அதன் வழியே கண்ணுக்குத் தெரியாமல் போகும் நீர் அதிகம். அதற்கு 80 மில்லியில் தொடங்குவது பொதுவான நடைமுறை.

நேரடியாகத் தாயிடம் நன்றாகப் பால் குடிக்கும் நலமான குழந்தைக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டியதில்லை. பால் சுரப்பு நிலைத்த பிறகு நாளுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிப்பதும், நாளுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் எடை கூடுவதும் போதுமான சான்று. அத்தகைய குழந்தையின் தாயிடம் எத்தனை மில்லி குடித்தது என்று கேட்டுக்கொண்டிருப்பது அவரைக் கலங்க வைப்பதைத் தவிர வேறொன்றுக்கும் உதவாது.

கணக்கு தேவைப்படுவது குழாய்வழிப் பாலும் சிரைவழித் திரவமும் சேர்ந்து போகும் குழந்தைக்குத்தான். பிறப்பெடை 3.2 கிலோ, இன்று மூன்றாம் நாள், இன்றைய எடை 3.0 கிலோ என்று கொள்வோம். கிலோவுக்கு 100 மில்லி என்று பிரிவு முடிவு செய்திருந்தால், பிறப்பெடையின்படி நாளின் மொத்த நீர் 320 மில்லி. மூன்று மணிக்கு ஒரு முறை 20 மில்லி வீதம் எட்டு முறை தாய்ப்பால் குழாய் வழியாகப் போகிறது. அது 160 மில்லி. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தைக் கரைக்கவும், பிறகு குழலைக் கழுவிவிடவும் நான்கு வேளைக்கு 5 மில்லி வீதம் 20 மில்லி போகிறது. மீதி 140 மில்லிதான் டிரிப் வழியாகப் போக வேண்டியது. 24 ஆல் வகுத்தால் மணிக்கு 5.8 மில்லி. மருந்துடன் போகும் 20 மில்லியைப் பெரியவர்களின் வார்டில் எவரும் பொருட்படுத்தமாட்டார்கள். இங்கே அது டிரிப் அளவில் ஏழில் ஒரு பங்கு. ஒரு கிலோக் குழந்தையானால் இன்னும் பெரிய பங்கு.

அதே குழந்தையின் கலோரியையும் பார்த்துவிடுவது நல்லது. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 67 கிலோ கலோரி என்று கொண்டால் 160 மில்லியில் 107. டிரிப்பில் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 140 மில்லியில் 14 கிராம் சர்க்கரை, கிராமுக்கு 3.4 வீதம் ஏறத்தாழ 48. இரண்டும் சேர்ந்து 155; கிலோவுக்கு 48 மட்டுமே. வளர்ச்சிக்கு வேண்டியதோ கிலோவுக்கு 100 முதல் 110 வரை. நீர்க்கணக்கு துல்லியமாக நிறைவடைந்த அதே நாளில் ஊட்டம் பாதியைத்தான் எட்டியிருக்கிறது. மூன்றாம் நாளில் இது ஏற்கத்தக்கதே. பத்தாம் நாளிலும் இப்படியே நீடித்தால் குழந்தை வளராது. நீர்த்தாளையும் ஊட்டத்தாளையும் தனித்தனியே வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

டெக்ஸ்ட்ரோஸ் போகும் பச்சிளம் குழந்தைக்குச் சர்க்கரை எந்த வேகத்தில் போகிறது என்பதையும் கணக்கிட வேண்டும். கரைசலின் சதவீதத்தை, கிலோவுக்கு ஒரு நாளில் போகும் மில்லியால் பெருக்கி 144 ஆல் வகுத்தால், கிலோவுக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிகிராம் என்று கிடைக்கும். 10 சதவீதக் கரைசல் கிலோவுக்கு 60 மில்லி போனால் 600 ஐ 144 ஆல் வகுக்க 4.2. தொடக்கத்தில் 4 முதல் 6 வரை இருப்பது வழக்கம். பால் கூடக் கூட டிரிப் குறையும். எனவே பாலை ஏற்றும் நாட்களில் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும்.

மூன்றாம் படி: பச்சிளம் பருவத்துக்குப் பிறகு

இங்கே உலகெங்கும் கையாளப்படுவது மால்கம் ஹாலிடே, வில்லியம் சீகர் ஆகிய இருவரும் 1957இல் வெளியிட்ட முறை. முதல் 10 கிலோவுக்கு கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு 50 மில்லி, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் 20 மில்லி. 14 கிலோக் குழந்தைக்கு 1000 உடன் நான்கு ஐம்பதுகள் சேர்த்து 1200 மில்லி, அதாவது மணிக்கு 50 மில்லி. 26 கிலோவுக்கு 1000, 500, 120 என மொத்தம் 1620 மில்லி, மணிக்கு ஏறத்தாழ 67 மில்லி. இதையே மணிக்கணக்கில், கிலோவுக்கு 4, 2, 1 மில்லி என்று சுருக்கிச் சொல்வார்கள். அதன்படி முதல் குழந்தைக்கு 48, இரண்டாம் குழந்தைக்கு 66 வரும். முழு எண்ணாக்கியதால் வரும் இந்தச் சிறு வேறுபாட்டைக் கண்டு குழம்ப வேண்டாம்.

இம்முறை எடையிலிருந்து நேரடியாக நீரைக் கணக்கிடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. படுக்கையில் இருக்கும் குழந்தை செலவிடும் கலோரியை முதலில் மதிப்பிட்டு, 100 கிலோ கலோரி செலவாகும்போது தோல், மூச்சு, சிறுநீர் வழியாக ஏறத்தாழ 100 மில்லி நீர் போகிறது என்று கண்டு, இரண்டையும் இணைத்தார்கள். ஆகவே நீர் எவ்வளவோ அவ்வளவே கலோரியும் என்ற பொருத்தம் தற்செயலானதன்று. அது படுத்திருக்கும் குழந்தைக்கான மதிப்பீடு என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. எடை மிகுந்த வளரிளம் பருவத்தினருக்கு இந்தச் சூத்திரம் தேவைக்கு மேல் காட்டும். ஆண்களுக்கு 2500 மில்லி, பெண்களுக்கு 2000 மில்லி என்ற அளவை அன்றாடத் தேவை கடப்பது அரிது.

அளவு இவ்வளவு என்றால், எந்தத் திரவம்? 1957இன் கணக்குப்படி சோடியம் குறைந்த கரைசல்களே பல பத்தாண்டுகள் ஏற்றப்பட்டன. ஆனால் நோயுற்ற குழந்தையின் உடலில் வலி, வாந்தி, அறுவைச் சிகிச்சை, நுரையீரல் அல்லது மூளைத் தொற்று ஆகியவற்றால் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது; உள்ளே போன நீர் வெளியேறாமல் தங்கி, இரத்தத்தில் சோடியம் சரிந்து, மூளை வீங்கி வலிப்பும் மரணமும் நேர்ந்தன. எனவே 28 நாள் முதல் 18 வயது வரையுள்ளோருக்கு அன்றாடத் தேவைக்கு, இரத்தத்தின் சோடியம் செறிவை ஒத்த திரவத்துடன் தேவையான பொட்டாசியமும் டெக்ஸ்ட்ரோஸும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2018இல் பரிந்துரைத்தது. வழக்கமான தேர்வு, 0.9 சதவீத சலைனில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். குழந்தை சிறுநீர் கழித்ததை உறுதிசெய்த பிறகே லிட்டருக்கு 20 மில்லி ஈக்விவலென்ட் பொட்டாசியம் சேர்க்கப்படும். மேற்சொன்ன நோய்களில் அளவையும் மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கும் வழக்கம் உண்டு.

சிறுநீரகம் செயலிழந்த குழந்தைக்கு இந்தச் சூத்திரமே பொருந்தாது. அங்கே கண்ணுக்குத் தெரியாமல் போகும் நீரும், முந்தைய மணிகளில் கழித்த சிறுநீரும் மட்டுமே ஈடுசெய்யப்படும். உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 300 முதல் 400 மில்லி என்பது கண்ணுக்குத் தெரியாத இழப்பின் அளவு. 14 கிலோக் குழந்தையின் உடற்பரப்பு ஏறத்தாழ 0.6 சதுர மீட்டர். அதாவது சிறுநீர் வராத நிலையில் நாளுக்கு அதிகம் போனால் 240 மில்லி. அதே குழந்தைக்கு வழக்கமான சூத்திரம் 1200 மில்லி காட்டும். இதயம் தளர்ந்த குழந்தைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நான்காம் படி: குறையும் தொடர் இழப்பும்

வயிற்றுப்போக்கால் வரும் நீரிழப்பில், அண்மையில் நிறுத்த எடை கிடைத்தால் அதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை. போன வாரம் 10 கிலோ இருந்த குழந்தை இன்று 9.2 கிலோ என்றால் குறை 800 மில்லி. அதாவது 8 சதவீதம். பழைய எடை இல்லாதபோது அறிகுறிகளை வைத்து மதிப்பிட வேண்டும். எரிச்சல், குழிவிழுந்த கண், ஆவலுடன் நீர் குடித்தல், கிள்ளிய தோல் மெதுவாகத் திரும்புதல் ஆகியவற்றில் இரண்டேனும் இருந்தால் ஓரளவு நீரிழப்பு. சோர்ந்து மயங்கிய நிலை, குடிக்க இயலாமை, தோல் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆதல் ஆகியவை கடுமையான நீரிழப்பைக் காட்டும். ஒரு சதவீதக் குறை என்பது கிலோவுக்கு 10 மில்லி.

ஓரளவு நீரிழப்புக்கு டிரிப் தேவைப்படுவதில்லை. கிலோவுக்கு 75 மில்லி ஓ.ஆர்.எஸ். கரைசலை (வாயால் குடிக்கக் கொடுக்கும் உப்பு, சர்க்கரைக் கரைசல்) நான்கு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறை. 9.2 கிலோக் குழந்தைக்கு அது 690 மில்லி. இந்த எண்ணைக் கேட்டுத் தாய் மலைத்துப்போவது இயல்பு. ஆகவே கரண்டிக் கணக்கில் சொல்ல வேண்டும். 5 மில்லிக் கரண்டியால் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று கொடுத்தால் மணிக்கு 150 மில்லி உள்ளே போய்விடும்; சற்று விரைவாகக் கொடுத்தால் இலக்கு எட்டிவிடும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் மெதுவாகத் தொடங்க வேண்டும். தாய்ப்பாலை இடையில் நிறுத்தக் கூடாது. 2002 முதல் பரிந்துரைக்கப்படும் கரைசலில் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸ் 75 மில்லிமோல் இருக்கின்றன. இவ்விகிதம்தான் குடலின் உறிஞ்சலை இயக்குவதால், பொட்டலத்தை அதில் குறித்த அளவு நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு சிட்டிகை என்று பிரித்துக் கலக்கக் கூடாது.

தொடர் இழப்புக்குத் தனிக் கணக்கு உண்டு. ஒவ்வொரு முறை நீராகப் போன பிறகும் 2 வயதுக்கு உட்பட்டோருக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்டோருக்கு 100 முதல் 200 மில்லி ஓ.ஆர்.எஸ். கொடுக்க வேண்டும்.

கடுமையான நீரிழப்பில் சிரைவழியாக ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக் கரைசல், அது இல்லையெனில் 0.9 சதவீத சலைன், கிலோவுக்கு மொத்தம் 100 மில்லி. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதல் 30 மில்லி ஒரு மணி நேரத்திலும், மீதி 70 மில்லி அடுத்த ஐந்து மணி நேரத்திலும் போக வேண்டும். பெரிய குழந்தைக்கு அதே அளவுகள் முறையே அரை மணி, இரண்டரை மணி நேரத்தில். சோடியம் மிகுந்த நீரிழப்பானால் இந்த அவசரம் ஆபத்து. அதிர்ச்சி நிலையை (இரத்த ஓட்டம் குன்றும் ‘ஷாக்’) சீராக்கிய பின், சோடியம் மணிக்கு 0.5 மில்லிமோலுக்கு மேல் இறங்காதபடி 48 மணி நேரத்தில் மெல்லச் சரிசெய்ய வேண்டும். கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தையின் கண் எப்போதும் குழிந்தும் தோல் தளர்ந்தும் இருக்குமாகையால், அறிகுறிகள் அங்கே பொய் சொல்லும். அத்தகைய குழந்தைக்கு அதிர்ச்சி நிலை இல்லாதவரை டிரிப் போடக் கூடாது.

ஐந்தாம் படி: ஊட்டம்

ஆறு மாதம் வரை கிலோவுக்கு 150 மில்லி பால் என்பது நீரையும் கலோரியையும் ஒரே எண்ணில் தீர்த்துவைக்கிறது. 150 மில்லியில் ஏறத்தாழ 100 கிலோ கலோரி இருக்கிறது. 5 கிலோக் குழந்தைக்கு 750 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 94 மில்லி. பால்மாவு கரைப்பவர்கள் டப்பாவில் உள்ள கரண்டியைத் தலைதட்டி, குறித்த நீரில் மட்டுமே கலக்க வேண்டும். குவித்து அள்ளினால் உப்புச் செறிவு கூடும்; நீரைக் கூட்டினால் குழந்தை வயிறு நிறைந்தே பட்டினி கிடக்கும். இந்த வயதில் தனியாகத் தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை.

குறைமாதக் குழந்தைக்குக் கிலோவுக்கு 110 முதல் 135 கிலோ கலோரி வேண்டும். நாளுக்குக் கிலோவுக்கு 30 மில்லி வரை பாலை ஏற்றலாம். ஏற்றும்போது வயிற்று உப்பசம், பித்தநிற வாந்தி, மலத்தில் இரத்தம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அடுத்த வேளைப் பாலை நிறுத்தி வைத்து மருத்துவரை அழைக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு, சராசரி அளவு தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இணை உணவிலிருந்து வேண்டியது 6 முதல் 8 மாதத்தில் நாளுக்கு ஏறத்தாழ 200 கிலோ கலோரி, 9 முதல் 11 மாதத்தில் 300, இரண்டாம் ஆண்டில் 550. இதை உணவின் அளவாக மாற்றும்போதுதான் சிக்கல் தெரியும். குழந்தையின் வயிறு கிலோவுக்கு ஏறத்தாழ 30 கிராம் கொள்ளும், 8.5 கிலோக் குழந்தைக்கு வேளைக்கு 255 கிராம். கிராமுக்கு 0.8 கிலோ கலோரி உள்ள கெட்டியான கூழானால் 300 கிலோ கலோரிக்கு 375 கிராம் போதும். மூன்று வேளையில் எளிதாக முடியும். கிராமுக்கு 0.4 மட்டுமே உள்ள நீர்த்த கூழானால் 750 கிராம் வேண்டும். அதாவது மூன்று வேளையும் வயிறு முட்ட ஊட்டியாக வேண்டும், தாய்ப்பாலுக்கு இடமே இராது. கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிந்துவிடாத பதம் இருக்க வேண்டும் என்று தாய்க்குச் சொல்வது, கலோரி அட்டவணையைக் காட்டுவதைவிடப் பயன் தரும்.

ஒரு வயதுக்கு மேல் பத்து வயது வரை, 1000 உடன் வயதுக்கு 100 வீதம் கூட்டுவது போதுமான தோராயம். 4 வயதுக்கு 1400 கிலோ கலோரி.

கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைக்கு எஃப்-75 என்னும் தொடக்கச் சிகிச்சைப் பாலில் (100 மில்லிக்கு 75 கிலோ கலோரி) கிலோவுக்கு 130 மில்லி, மிகுந்த வீக்கம் இருந்தால் 100 மில்லி என்று தொடங்கி, இரண்டு மணிக்கு ஒரு முறை கொடுப்பார்கள். மெலிந்து கிடக்கும் குழந்தைக்கு முதல் நாளே நிறையக் கொடுக்கத் தோன்றும். ஆனால் திடீர் ஊட்டத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்பட்டு இரத்தத்தில் சரிந்து, இதயம் தடுமாறும். பசி திரும்பி, வீக்கம் குறையத் தொடங்கிய பிறகே செறிவு கூடிய எஃப்-100 பாலுக்கு மாறி, படிப்படியாகக் கிலோவுக்கு 150 முதல் 220 கிலோ கலோரி வரை ஏற்றலாம்.

ஆறாம் படி: வேகமும் சரிபார்ப்பும்

பம்ப் இருந்தால் மணிக்கு இத்தனை மில்லி என்று அமைத்துவிடலாம். இல்லையெனில் சொட்டு எண்ண வேண்டும். ஒரு மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. 20 சொட்டுச் செட்டானால் மூன்றால் வகுக்க வேண்டும். மணிக்கு 48 மில்லி என்றால் நிமிடத்துக்கு 16 சொட்டு. குழந்தை கையை மடக்கினாலே வேகம் மாறிவிடும் என்பதால், மணிக்கொரு முறை பாட்டிலில் இறங்கிய அளவையும் பார்க்க வேண்டும். சிறு குழந்தைக்கு முழுப் பாட்டிலை நேரடியாக இணைக்காமல், அளவுக்குழாய் உள்ள செட்டில் இரண்டு மணி நேரத்துக்கான திரவத்தை மட்டும் நிரப்பி வைத்தால், கவ்வி தளர்ந்தாலும் பெருந்தீங்கு நேராது.

கிடைத்த எண் தொடக்க மதிப்பீடுதான். அது பொருந்துகிறதா என்று சொல்ல வேண்டியது குழந்தையின் உடல். சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு ஒரு மில்லிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். டயப்பரை நிறுத்து, உலர்ந்த எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று கிடைக்கும். ஒரே நாளில் எடை திடீரென ஏறினால் அது வளர்ச்சியன்று, தேங்கிய நீர். இமை வீக்கம், மூச்சு வேகம், கல்லீரல் பெருத்தல் தென்பட்டால் டிரிப்பை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். டிரிப்பில் இருக்கும் குழந்தைக்கு நாளுக்கு ஒரு முறையேனும் சோடியம், பொட்டாசியம், சர்க்கரை பார்ப்பது நல்ல வழக்கம். காய்ச்சல் இருந்தால் ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் நீர்த்தேவை 10 முதல் 12 சதவீதம் கூடும். காய்ச்சல் இறங்கியதும் அந்தக் கூடுதலை நீக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பணி மாறும்போது அடுத்தவரிடம் மணிக்கு 50 மில்லி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. எந்த எடையில் கணக்கிட்டது, அதில் குறைக்கான பங்கு எவ்வளவு, அது எத்தனை மணிக்கு முடியும், வாய்வழியாக இதுவரை எவ்வளவு போயிருக்கிறது, கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது என்ற ஐந்தையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். குழந்தை வாயால் குடிக்கத் தொடங்கினால் அன்றைய கணக்கை அப்போதே திருத்தி, குடித்த அளவுக்கு டிரிப்பைக் குறைத்து, தேவையில் பெரும்பகுதி வாய்வழியாகப் போகும் நிலை வந்ததும் டிரிப்பை எடுத்துவிடலாம்.